பல்பு 250 ரூபாய், பம்பர் கழற்றிய கூலி 1,400 ரூபாய்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், தருமபுரி பக்கம். பதினெட்டு வருடம் மாருதி 800 ஓட்டினேன். பல்பு, பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் நானே மாற்றிக்கொள்வேன். இப்போது வைத்திருப்பது 2016 மாடல் ஹேட்ச்பேக், 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன மாதம் வலது ஹெட்லைட் பல்பு போனது. 250 ரூபாய் பல்பை மாற்ற முன் பம்பரைக் கழற்றி 1,400 ரூபாய் கூலி வாங்கினார்கள். கழற்றும்போது நாலு கிளிப் உடைந்து இப்போது பம்பரின் ஓரம் ஆடுகிறது. அதே கடையில், முன் வலது சக்கரத்தில் 'ஊ' என்று சத்தம் வருகிறது, பேரிங்கை ஹப்போடு (சக்கரம் பூட்டுகிற நடுப்பாகம்) மாற்ற வேண்டும், பால் ஜாயின்ட் (சக்கரப் பக்கத்தை ஆர்மோடு சேர்க்கிற உருண்டை மூட்டு) தேய்ந்திருப்பதால் லோயர் ஆர்மையே (சக்கரத்தைக் கீழிருந்து வண்டியோடு இணைக்கிற இரும்புக் கை) மாற்ற வேண்டும், எதுவும் தனியாக வராது, செட்டாகத்தான் வரும் என்று 11,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். கட்டைவிரல் அளவு பால் ஜாயின்டுக்கு எதற்கு முழு ஆர்ம்? இது வேண்டுமென்றே செய்கிற ஏமாற்று வேலையா? பேசாமல் இதை விற்றுவிட்டு நல்ல பழைய வண்டி ஒன்று வாங்கிவிடலாமா?

பதில்:

சார், உங்கள் கடிதத்தைப் பட்டறையில் பையன்களுக்குப் படித்துக் காட்டினேன். நாலு கிளிப் உடைந்தது என்ற இடம் வந்ததும் ஒருத்தன் மெதுவாக எழுந்து வெளியே போய்விட்டான். போன வாரம் அவன் உடைத்தது ஆறு.

கோயம்புத்தூரில் 28 வருடமாக இந்த வேலைதான் பார்க்கிறேன். நீங்கள் திட்டுகிற அதே பாகங்களை நானும் தினம் திட்டிக்கொண்டேதான் கழற்றுகிறேன், அதனால் கார் கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். அதற்காக உங்கள் எஸ்டிமேட்டில் இருப்பதெல்லாம் பொய் என்றும் சொல்ல முடியாது. பல்பு விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம். லோயர் ஆர்ம் விஷயத்தில் கடைக்காரர் சொன்னது பெரும்பாலும் சரி. பேரிங் விஷயத்தில்தான் எனக்குச் சந்தேகம் இருக்கிறது, அதைக் கீழே விவரமாகச் சொல்கிறேன். வண்டியை மட்டும் இதற்காக விற்காதீர்கள்.

தேய்ந்ததும் தூக்கிப் போடுகிற பாகம் ஒன்றும் புதிது இல்லைங்க. பிளக், ஆயில் ஃபில்டர், ஃபேன் பெல்ட், பிரேக் பேட் எல்லாமே அப்படித்தான். உங்கள் 800-க்கு எத்தனை செட் பிளக் மாற்றியிருப்பீர்கள், ஒரு தடவையாவது கோபம் வந்ததா? வராது, ஏனென்றால் எந்த ஊர்க் கடையிலும் கிடைத்தது, விலை குறைவு, பானெட்டைத் திறந்தால் கைக்கு எட்டியது. ஆக தூக்கிப் போடுவது நமக்குப் பிரச்சினையே இல்லை. அந்த ஒரே ஒரு மாடலுக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி செய்து, நாலு வேறு பாகங்களோடு சேர்த்து ஒட்டி, அதையும் கை நுழையாத இடத்தில் கொண்டுபோய் வைக்கிறார்களே, அங்கேதான் வயிறு எரிகிறது.

ஹெட்லைட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1940-இல் எல்லாக் கார்களுக்கும் ஒரே அளவு ஹெட்லைட் என்று வந்தது, 7 அங்குல வட்டம், வண்டிக்கு இரண்டு. 'சீல்டு பீம்' என்பார்கள். கண்ணாடி, ரிஃப்ளெக்டர், உள்ளே இழை எல்லாம் ஒரே உருண்டை, இழை அறுந்தால் முழு விளக்கையும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்ட வேண்டியதுதான். இதைவிட டிஸ்போஸபிள் வேறு எதுவும் இருக்க முடியாது, ஆனாலும் யாரும் அழவில்லை. எந்தக் கம்பெனி கார் என்றாலும் ஒரே விளக்கு, ரோட்டோரக் கடையிலும் கிடைக்கும், நாலு ஸ்க்ரூ கழற்றினால் முடிந்தது. நம் ஊரில் அம்பாசடர், பத்மினி முகத்திலும் புல்லட் முகத்திலும் இருந்தது அதே 7 அங்குல வட்டம்தான், பல்பை மட்டும் தனியாக மாற்றிக்கொள்ளலாம் என்பது கூடுதல் வசதி. இன்றைக்கு ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு முகம், ஒரே மாடலில் டாப் வேரியன்ட்டுக்கு ஒன்று, கீழ் வேரியன்ட்டுக்கு ஒன்று. அழகாக இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அழகுக்காகப் பானெட்டுக்கு அடியில் இடத்தைச் சுருக்கி, பேட்டரியை ஹெட்லைட்டுக்கு முதுகோடு முதுகாக வைத்ததில்தான் உங்கள் 1,400 ரூபாய் போயிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் பின்பற்றுகிற ஐ.நா. வாகன விதிகளில், தயாரிப்பாளர் சொல்லிக்கொடுத்த முறைப்படி, வண்டியோடு கொடுத்த கருவிகளைத் தவிர வேறு விசேஷக் கருவி இல்லாமல் பல்பை மாற்ற முடிய வேண்டும் என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள். நல்ல வரி. பல்பையே மாற்ற முடியாதபடி செய்த விளக்குகளுக்கு அந்த வரி பொருந்தாது என்றும் கூடவே எழுதியிருக்கிறார்கள்! இப்போது வருகிற எல்இடி ஹெட்லைட் பலவும் அந்தக் கூட்டம்தான். ஒரு சின்ன எல்இடி போனால் முழு விளக்கு. அதனால் அடுத்த கார் வாங்கும்போது டாப் வேரியன்ட் விளக்கைப் பார்த்து மயங்குவதற்கு முன்னால், அந்த ஒரு விளக்கு அசெம்பிளியின் விலையை ஸ்பேர்ஸ் கவுன்டரில் கேட்டுவிடுங்கள். ஷோரூமில் கேட்காதீர்கள், அங்கே யாருக்கும் தெரியாது.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டால், பாதி காரணம் தொழிற்சாலைக்குள்ளே இருக்கிறது. பெரிய கார் தொழிற்சாலையில் ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு வண்டி லைனை விட்டு இறங்குகிறது. அங்கே ஒரு போல்ட்டை முறுக்குகிற நேரத்தைக்கூட எண்ணிக்கொண்டிருப்பார்கள். பால் ஜாயின்ட்டை ஆர்மில் அழுத்தி, ஆர்மில் ரப்பர் புஷ்ஷை அடித்து, ஒரே பாகமாக சப்ளையர் கொண்டுவந்து கொடுத்துவிட்டால் லைனில் இரண்டு மூன்று போல்ட்டோடு வேலை முடியும். கிளிப்பும் அதே கதைதான், ஸ்க்ரூ என்றால் முறுக்க வேண்டும், கிளிப் என்றால் ஒரு குத்து. அதை வடிவமைத்தவர் மாட்டுகிற ஆளை நினைத்துச் செய்திருக்கிறார், பல வருடம் கழித்துக் கழற்றப்போகிற என்னை அவர் நினைக்கவே இல்லை.

மீதிப் பாதி காரணம் கூலி. மெக்கானிக்கின் ஒரு மணி நேரக் கூலி பாகத்தின் விலையைவிட அதிகமாக இருக்கிற நாடுகளில், ஒரு மோட்டாரின் ஆர்மேச்சரை, அதாவது கம்பி சுற்றிய உள்பாகத்தை, பிரித்து உட்கார்ந்து பழுது பார்ப்பது நஷ்டம், முழுசாக மாற்றிவிட்டு அடுத்த வண்டிக்குப் போவதுதான் லாபம். அங்கே அது நியாயமான கணக்குதான். நம் ஊரில் கணக்கு நேர் எதிர், கூலி கம்மி, பாகம்தான் விலை. அந்தக் கணக்கில் வரைந்த வண்டியை இந்தக் கணக்கில் ஓட்டுகிறோம், அவ்வளவுதான் விஷயம். அதனால்தான் நம் ஊரில் இன்னும் லேத் பட்டறையும், வைண்டிங் கடையும், பழைய பாகத்துக்குச் சென்னைப் புதுப்பேட்டையும் தேவைப்படுகின்றன.

ரேடியேட்டர் கடை ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? எல்லா ஊரிலும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பாய் கடையோ ஆசாரி கடையோ இருக்கும், வாசலில் தண்ணீர்த் தொட்டி, உள்ளே ஊதுலைச் சத்தம். அப்போதெல்லாம் ரேடியேட்டர் செம்பு, மேல் டேங்க் பித்தளை. ஒழுகினால் தொட்டியில் முக்கி, காற்று கொடுத்து, குமிழி வருகிற இடத்தில் ஈயப் பற்று வைத்து, மத்தியானத்துக்குள் கையில் கொடுத்துவிடுவார்கள். உள்ளே உப்பு அடைத்திருந்தால் மேல் டேங்க்கையே பிரித்து, கம்பி விட்டுக் குத்தி எடுத்து மறுபடி பற்ற வைப்பார்கள். ஒரு ரேடியேட்டர் மூன்று முதலாளியைப் பார்க்கும். இப்போது அலுமினியம், டேங்க் பிளாஸ்டிக், இரண்டையும் நடுவே ரப்பர் வைத்துப் பல் பல்லாக மடக்கிக் கடித்திருக்கிறார்கள். எடை குறைவு, மலிவு, சூட்டையும் நன்றாகவே தள்ளுகிறது, அதெல்லாம் உண்மை. ஆனால் பத்து வருடம் சூடு ஏறி இறங்கியதும் பிளாஸ்டிக் மொறுமொறுவென்று ஆகி, ஹோஸ் மாட்டுகிற கழுத்தில் விரிசல் விடும். பிளாஸ்டிக்கில் ஈயம் பிடிக்குமா? எபாக்ஸி பூசிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், அதை நம்பித் தொப்பூர்க் கணவாய் ஏறாதீர்கள். அந்தப் பற்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி டேங்க்கையும் ரப்பரையும் மட்டும் மாற்றித் தருகிற கடைகள் சில ஊர்களில் இன்னும் உண்டு, அதிகம் ஓடுகிற மாடல்களுக்கு டேங்க் தனியாகவும் கிடைக்கிறது. உங்கள் வண்டி இப்போது அந்த வயதில்தான் இருக்கிறது. கூலன்ட் நிறம் மாறியிருக்கிறதா, கழுத்துப் பக்கம் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறதா என்று ஒரு காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்கவே வேண்டாம். குழாய்த் தண்ணீரும் ஊற்றாதீர்கள். தருமபுரி மாவட்டத் தண்ணீரில் இருக்கிற உப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, லோயர் ஆர்முக்கு வருவோம். சில மாடல்களில் பால் ஜாயின்ட் போல்ட் போட்டு வரும், அது மட்டும் தனியாக மாறும். சிலவற்றில் ரிவிட் அடித்திருக்கும், ரிவிட்டை டிரில் செய்து எடுத்துவிட்டுப் போல்ட்டோடு வருகிற பால் ஜாயின்ட்டை மாட்டலாம், அப்படிச் செய்வதற்கென்றே நல்ல கம்பெனிகள் போல்ட்டும் நட்டும் சேர்த்துப் பெட்டியில் தருகின்றன. மூன்றாவது வகையில் ஆர்மின் துளைக்குள்ளேயே அழுத்தி வைத்துவிடுகிறார்கள், அதற்கு முழு ஆர்ம்தான். உங்களுடையது எது என்று வண்டிக்கு அடியில் டார்ச் அடித்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்: சக்கரப் பக்கம் ஆர்மின் முனையில் போல்ட் தலை இருக்கிறதா, ரிவிட் தலை இருக்கிறதா, ஒன்றுமே இல்லாமல் வழவழவென்று இருக்கிறதா. வழவழவென்று இருந்தால் கடைக்காரரைச் சந்தேகப்படாதீர்கள். அதோடு, 82,000 ஓடிய ஆர்மில் ரப்பர் புஷ்களும் பாதி உயிர்தான் இருக்கும், முழு ஆர்ம் மாற்றினால் அவையும் புதிதாக வந்துவிடுகின்றன, முழுக்க நஷ்டம் என்று நினைக்க வேண்டாம்.

தேய்ந்திருப்பது உண்மையா என்று பார்க்க ஒரு வழி. சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுத்துவிட்டு, டயரை மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தால் பக்கத்தில் நின்றே பார்க்கலாம். இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடங்கிக்கொள்ளும், அதற்கு முன்னால் ஸ்பீடு பிரேக்கரில் 'டொக் டொக்' என்று சொல்லிப் பார்க்கும், நாம்தான் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவோம். பழைய பால் ஜாயின்ட்டில் பிளாஸ்டிக் காய்ச்சி ஊற்றிப் புதுசு மாதிரி ஆக்கித் தருகிறேன் என்றோ, ஆர்மில் வெல்டிங் வைக்கிறேன் என்றோ யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். பழுது பார்ப்பதில் எனக்கு எவ்வளவு பிடிவாதம் இருந்தாலும் இங்கே கிடையாது. ஆர்ம் மாற்றிய பிறகு அலைன்மென்ட் பார்க்க மறக்க வேண்டாம்.

பேரிங்கில்தான் எனக்கு உறுத்துகிறது. உங்கள் வண்டி மாதிரி சிறிய ஹேட்ச்பேக்குகளில் முன் பேரிங் பெரும்பாலும் பிரஸ்ஸில் (அழுத்து இயந்திரத்தில்) அழுத்தி மாட்டுகிற வகை, தனியாகவே கிடைக்கும். ஹப்போடு ஒரே பாகமாக, போல்ட் போட்டு மாட்டுகிற வகையும் இருக்கிறது. அது விலை அதிகம், ஆனால் மாற்றுவது சுலபம், பிரஸ்ஸே தேவையில்லை, மெக்கானிக்காக எனக்கு அதுதான் பிடிக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். உங்களுடையது முதல் வகையாக இருந்து, ஹப்பின் மேற்பரப்பில் தேய்மானமும் இல்லை என்றால் ஹப் எதற்கு? கடையில் பிரஸ் இல்லாமல் இருக்கலாம். பிரஸ் இல்லாதவர்கள் சுத்தியலால் அடித்து இறக்குவார்கள், அப்படி மாட்டிய பேரிங் ஆறு மாதத்தில் மறுபடி ஊளையிடும். லேத் பட்டறையில் கொடுத்துப் பிரஸ் அடித்து வாங்கலாம், அது ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

பேரிங் வாங்குவதற்கு ஒரு சங்கதி. அதன் ஓரத்தில் எண் பொறித்திருக்கும். 'டிஏசி 38740036' என்று இருந்தால் உள் விட்டம் 38 மில்லிமீட்டர், வெளி விட்டம் 74, அகலம் 36 என்று அர்த்தம். அளவையே பெயராக வைத்திருக்கிறார்கள். எஸ்கேஎஃப், என்எஸ்கே, என்டிஎன் என்று பேரிங் செய்கிறவர்களின் சொந்தப் பெட்டியிலேயே வாங்கலாம், கார் கம்பெனி முத்திரை போட்ட பெட்டிதான் வேண்டும் என்று இல்லை. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற அமைப்பு) உள்ள வண்டியாக இருந்தால் மட்டும் கவனம்: பல மாடல்களில் பேரிங்கின் ஒரு பக்க சீலில் காந்தம் வைத்த வளையம் இருக்கும், அது சென்சார் பக்கம் பார்த்து உட்கார வேண்டும். திருப்பி அடித்துவிட்டால் டாஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரியும், மறுபடி பிரித்தால் அந்தப் பேரிங் குப்பைக்குத்தான். உங்களுடையது 2016 மாடல் என்பதால் ஏபிஎஸ் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், எல்லாக் கார்களுக்கும் கட்டாயம் ஆனது 2019 ஏப்ரலில்தான். டிரைவ் ஷாஃப்ட்டின் நட்டு மட்டும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், அது ஒருமுறை அடித்து மடக்குகிற நட்டு.

ஆனால் அதற்கும் முன்னால், அது பேரிங் சத்தம்தானா? வெறும் ரோட்டில் 50, 60 வேகத்தில் போகும்போது லேசாக இடது பக்கம் வளையுங்கள். பாரம் வலது சக்கரத்துக்கு ஏறும். அப்போது 'ஊ' கூடி, வலது பக்கம் வளைத்தால் குறைந்தால் வலது பேரிங்தான். எந்தப் பக்கம் வளைத்தாலும் ஒரே மாதிரி இருந்தால் டயரைத் தடவிப் பாருங்கள், ரம்பப் பல் மாதிரி ஏற்ற இறக்கமாகத் தேய்ந்திருந்தால் அதுவும் அச்சு அசலாக இதே சத்தம் போடும். முன் டயரைப் பின்னுக்கு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள், சத்தமும் பின்னுக்குப் போனால் பேரிங் மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. இன்னொன்று, சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கை வைத்தால், போன பேரிங் என்றால் கரகரவென்று கைக்குத் தெரியும். என் பட்டறையில் வேலைக்குச் சேர்கிற பையனுக்கு முதல் மாதம் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

எங்கள் ஆட்கள் மேல் உள்ள தப்பையும் சொல்லிவிடுகிறேன். 'செட்டாக மாற்றிவிடுங்கள்' என்பது பல சமயம் 'என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க எனக்குப் பொறுமை இல்லை' என்பதற்கு இன்னொரு பெயர். போன வருடம் ஒருவர் வந்தார், டிரைவர் கதவில் கண்ணாடி இறங்கவில்லை, வேறொரு இடத்தில் மோட்டார், கண்ணாடியை ஏற்றி இறக்குகிற ரெகுலேட்டர் எல்லாம் சேர்த்து அசெம்பிளியாக மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். கதவுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு ரப்பர்க் குழாய் இருக்கிறது பாருங்கள், அதற்குள் போகிற வயர் கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி அறுந்திருந்தது. ஒரு ஜாயின்ட், மேலே ஸ்லீவ், முடிந்தது. ஆல்டர்னேட்டர் கதையும் இதுதான். பேட்டரி சார்ஜ் ஆகவில்லை என்றால் உடனே புது ஆல்டர்னேட்டர் என்பார்கள். கார்பன் பிரஷ், ரெகுலேட்டர், டயோடு, இரண்டு பேரிங், இவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும் போயிருக்கும். அதிலுள்ள பேரிங் பல வண்டிகளில் 6203 மாதிரி சாதாரண எண்தான், 17 மில்லிமீட்டர் துளை, 40 வெளி விட்டம், 12 அகலம், வீட்டுக் கிணற்று மோட்டாரிலும் அதையே போட்டிருப்பார்கள். நல்ல ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், சர்வீஸ் சென்டரில் எட்டுப் பேரைத் தெரிந்து வைத்திருப்பதைவிட அது மேல்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எல்லாவற்றையும் பழுது பார்க்கலாம் என்று கிளம்பிவிடக் கூடாது. ஏர்பேக் ஒருமுறை வெடித்தால் முடிந்தது, அதோடு இழுத்துப் பிடித்த சீட் பெல்ட்டும் மாற்ற வேண்டும். சிலிண்டர் ஹெட் போல்ட்டுகள் பல இன்ஜின்களில் முறுக்கும்போதே இழுபட்டு நீளுகிற வகை, மறுபடி போட்டால் பிடிமானம் இருக்காது. இவையெல்லாம் ஒருமுறைப் பொருட்கள்தான், அங்கே மிச்சம் பிடிக்க வேண்டாம். இன்னொன்று, வண்டிக்குள் இன்ஜினுக்குப் பெட்ரோல் தள்ளுகிற பம்ப். முன்பு ஃபில்டர் வெளியே பைப்பில் தொங்கும், பத்து நிமிட வேலை. இப்போது பம்ப்போடு சேர்ந்து டேங்க்குக்குள் இருக்கிறது, ஃபில்டர் அடைத்தாலும் பல மாடல்களில் முழு மாட்யூல்தான். அந்த பம்ப்பைச் சூடாகாமல் காப்பாற்றுவதே அதைச் சுற்றியிருக்கிற பெட்ரோல், எப்போதும் ரிசர்வில் ஓட்டினால் சீக்கிரம் போகும். கால் டேங்க்குக்குக் கீழே விடாதீர்கள், அவ்வளவுதான் நம்மால் முடிந்தது.

வேண்டுமென்றே செய்கிறார்களா என்று கேட்டீர்கள். பாகத்தை ஒட்டி வைப்பதற்குக் காரணம் மேலே சொன்னேன், அதில் சதியைவிடச் சோம்பேறித்தனமும் கணக்கும்தான் அதிகம். ஆனால் பாகத்தை வெளியே விற்காமல் பூட்டி வைப்பது வேறு கதை, அதைச் சட்டமே கேள்வி கேட்டிருக்கிறது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. அசல் உதிரிபாகங்களையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின, அது தனிக் கதை. பிறகு 2022-இல் மத்திய நுகர்வோர் துறை 'பழுது பார்க்கும் உரிமை'க்கு ஒரு குழு போட்டு, அந்த வருட டிசம்பரில் ஒரு இணையதளமும் தொடங்கியது, அதில் வாகனங்களும் ஒரு பிரிவு. என் பட்டறை வாசல் வரைக்கும் அதன் பலன் வந்து சேர்ந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை, ஆனாலும் இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

உங்கள் கையில் உடனே இருப்பது வேறு. எஸ்டிமேட்டில் பாகம் தனி, கூலி தனி என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் பார்ட் நம்பர் கேளுங்கள், அதை வைத்து இரண்டு ஸ்பேர்ஸ் கடையில் விலை விசாரியுங்கள். பெட்டியில் எம்ஆர்பி அச்சிட்டிருக்கும், பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள், கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். தலைமை ஆசிரியராக இருந்தவருக்கு ஆளைப் பார்த்தே தெரிந்துவிடும், பழைய பாகத்தைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவரிடம் இரண்டாம் முறை போக வேண்டாம். பழைய வண்டி வாங்குகிற யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். மாருதி 800 தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது, அம்பாசடரும் அதே வருடம்தான். நல்ல நிலையில் கிடைத்தாலும் ஏர்பேக் இல்லாத, ஏபிஎஸ் இல்லாத வண்டியில் இந்த வயதில் பைபாஸில் போக வேண்டுமா? பல்பு மாற்றுகிற சுகத்துக்காக அதை விட்டுக்கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

பல்புக்கு வருகிறேன். பம்பரைக் கழற்றாமல் மாற்ற வழி இருந்திருக்கலாம். பல வண்டிகளில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒரு பக்கம் ஒடித்துவிட்டு, சக்கரத்துக்கு மேலே இருக்கிற பிளாஸ்டிக் தட்டியில் இரண்டு மூன்று கிளிப்பை எடுத்து அதை மடக்கினால், அந்த வழியாகக் கையை விட்டுப் பல்பைத் தொட்டுவிடலாம். சிலவற்றில் பேட்டரியையோ ஏர் ஃபில்டர் பெட்டியையோ எடுத்தால் போதும். வண்டியோடு வந்த புத்தகத்தில் பல்பு மாற்றும் பக்கத்தைப் பாருங்கள், அதில் பம்பர் என்ற சொல்லே இல்லை என்றால் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போய் 1,400 ரூபாய்க்குக் கணக்கு கேளுங்கள். கிளிப்புகள் ஸ்பேர்ஸ் கடையில் சில்லறைக்குக் கிடைக்கும், உடைந்ததில் ஒன்றைச் சாம்பிளுக்குக் கொண்டு போங்கள், நாலு தேவை என்றால் பத்து வாங்குங்கள். பழைய கிளிப்பைக் கழற்றும்போது காலைக் குளிரில் செய்யாமல் வெயிலில் வண்டியை நிறுத்திப் பிளாஸ்டிக் கொஞ்சம் இளகிய பிறகு செய்தால் பாதி தப்பிக்கும்.

புது ஹாலஜன் பல்பைக் கண்ணாடியில் விரல் படாமல் பிடியுங்கள், விரல் எண்ணெய் பட்ட இடம் அதிகச் சூடாகிப் பல்பு சீக்கிரம் போகும். எச்4 வகைப் பல்பு என்றால் 60/55 வாட்ஸ் மட்டும். வெளிச்சம் பத்தவில்லை என்று கடைக்காரர் 100/90 கொடுப்பார், வாங்காதீர்கள், ஹோல்டர் உருகும். ஹெட்லைட்டின் வெளிக் கண்ணாடி மஞ்சளாகியிருந்தால் பாலிஷ் போட்டாலே வெளிச்சம் திரும்பிவிடும். அப்புறம், பம்பரைக் கழற்றியவர்கள் வலது பல்பை மட்டும் மாற்றியிருந்தால், இடது பல்பும் அதே வயதுப் பல்பாகத்தான் இருக்கும். லோயர் ஆர்ம் வேலைக்கு வண்டி ஜாக்கியில் ஏறுகிற அன்றைக்கே, இடது சக்கரத்தையும் கழற்றச் சொல்லி, இன்னொரு 250 ரூபாய் பல்பைக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்து அந்தத் தட்டி வழியாக மாட்டச் சொல்லிவிடுங்கள்.